செய்தியோடை சேதி சொல்லும், சாட்சி சொல்லாது: சட்ட நூலகர்களுக்கு ஓர் அறிமுகம்

சட்டப் புத்தகம் ஒன்று நூலகத்துக்கு வந்து, பதிவேட்டில் எண் பெற்று, அடுக்கில் ஏறுவதற்குள்ளாகவே அதிலுள்ள ஏதோ ஒரு தீர்ப்பு மேல்முறையீட்டில் மாறிப்போயிருக்கலாம். ஏதோ ஒரு பிரிவு திருத்தப்பட்டிருக்கலாம். மற்றத் துறைகளின் நூலகருக்குப் பழைய பதிப்பு ஒரு குறை மட்டுமே. சட்ட நூலகருக்கோ அது ஆபத்து, ஏனெனில் செல்லாத தீர்ப்பை எடுத்துக்காட்டி வாதாடிய வழக்கறிஞர் திரும்பி வந்து கேள்வி கேட்கப்போவது அவரிடம்தான். இந்த ஆபத்தை நம்பியே சிகாகோவில் ஃபிராங்க் ஷெப்பர்ட் என்பவர் 1873இல் ஒரு தொழிலைத் தொடங்கினார். ஒரு தீர்ப்பைப் பின்னாளில் எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்தாண்டன என்பதைப் பசை தடவிய சிறு தாள்களில் அச்சடித்து அவர் விற்க, வாங்கியவர்கள் தங்கள் தீர்ப்புத் தொகுதிகளின் ஓரங்களில் அவற்றை ஒட்டிக்கொண்டார்கள். அமெரிக்க வழக்கறிஞர்கள் இன்றும் ஒரு தீர்ப்பு செல்லுபடியாகிறதா என்று சரிபார்ப்பதை ‘ஷெப்பர்டைஸ்’ செய்வது என்றே சொல்கிறார்கள்.

ஒட்டுத்தாளுக்குப் பிறகு புத்தகத்தின் பின்னட்டைப் பையில் செருகும் ஆண்டுப் பிற்சேர்க்கைகள் வந்தன. வளையக் கோப்பில் பழைய தாளைக் கழற்றிப் புதிய தாளை மாட்டும் தனித்தாள் வெளியீடுகள் வந்தன. 1933 முதல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளையும் புதிய சட்டங்களையும் வாரந்தோறும் தொகுத்துத் தரும் இதழ் ஒன்றும் வந்தது. இவை எல்லாவற்றிலும் பொதுவாக இருந்தது நூலகரின் கைவேலை. தபால் வந்ததும் உறையைப் பிரித்து, எந்தப் பக்கத்தை எடுக்க வேண்டும், எதை வைக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்யாவிட்டால் நூறு டாலர் கொடுத்து வாங்கிய கோப்பு வெறும் காகிதக் கட்டாகிவிடும்.

நூலகவியல் வகுப்பில் இதற்குக் ‘கரண்ட் அவேர்னஸ்’ என்று பெயர். புதிதாக வந்ததை, யாருக்கு அது தேவைப்படுமோ அவருக்கு, அவர் கேட்பதற்கு முன்பே தெரிவிப்பது. 1958இல் ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன், ஒவ்வொரு வாசகரின் தேவையையும் ஒரு சொற்பட்டியலாகப் பதிந்துவைத்து, புதிய ஆவணம் வரும்போது இயந்திரமே இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் முறையை முன்வைத்தார். அதற்கும் கால் நூற்றாண்டுக்கு முன்னரே சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ரங்கநாதன், ‘வாசகரின் நேரத்தைச் சேமி’ என்பதைத் தம் ஐந்து விதிகளில் நான்காவதாக வைத்துவிட்டார். வலைப்பதிவும், தளங்களில் புதிதாக வந்ததை அறிவிக்கும் செய்தியோடையும் (ஆர்எஸ்எஸ்) இந்தப் பழைய வேலைக்கு வந்த புதிய கருவிகள் என்று எடுத்துக்கொண்டால் அவற்றின் பலமும் பலவீனமும் எளிதில் விளங்கும். ஏதோ புதிய ஊடகம் என்று எடுத்துக்கொண்டால் குழப்பமே மிஞ்சும்.

அமெரிக்கச் சட்ட வலைப்பதிவுகளுக்கு 2002ஆம் ஆண்டு ஒரு விதைப்புக் காலம். உச்ச நீதிமன்ற வழக்குகளுக்கென்றே டாம் கோல்ட்ஸ்டீனும் ஏமி ஹோவும் தொடங்கிய ஸ்காட்டஸ்பிளாக், மேல்முறையீட்டு வழக்குகளைத் தொகுத்த ஹவ் அப்பீலிங், சட்டப் பேராசிரியர்கள் கூடி எழுதிய வோலாக் கான்ஸ்பிரஸி, சட்ட நூலகர் சப்ரினா பசிஃபிசி நடத்திய பிஸ்பசிஃபிக் ஆகிய நான்கும் அந்த ஆண்டில் தொடங்கியவையே. ‘பிளாக்’ என்ற ஆங்கிலச் சொல்லின் நடுவே சட்டம் என்று பொருள்படும் ‘லா’வைச் செருகி இவற்றுக்குத் தனிப்பெயரும் வைத்தார்கள், தமிழில் எழுதிப் பார்த்தால் இரண்டும் ‘பிளாக்’ என்றே நிற்கும் என்பதால் அந்தச் சிலேடையை இங்கே விட்டுவிடலாம்.

ஒரு தீர்ப்பைப் பற்றிப் பேராசிரியர் ஒருவர் சட்ட ஆய்விதழில் எழுதும் கட்டுரை அச்சேறுவதற்குள் பல மாதங்கள் கழிந்துவிடும். வழக்கறிஞருக்கோ அந்தத் தீர்ப்பின் பொருள் அன்று மாலையே வேண்டும். இந்த இடைவெளியில்தான் வலைப்பதிவு வேரூன்றியது. அது எப்படி நடந்தது என்பதற்கு 2004ஆம் ஆண்டுக் கோடைக்காலத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம்.

அந்த ஆண்டு ஜூன் 24 அன்று, பிளேக்லி எதிர் வாஷிங்டன் வழக்கில், ஜூரிகள் உறுதிசெய்யாத ஒரு விவரத்தை நீதிபதி தாமாகக் கண்டறிந்து, அதை வைத்துத் தண்டனையை மாநில வழிகாட்டு நெறிகளின் எல்லைக்கு மேல் உயர்த்த முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. தீர்ப்பு ஒரு மாநிலத்தின் முறையைப் பற்றியதுதான். ஆனால் 1987 முதல் நடைமுறையிலிருந்த கூட்டாட்சித் தண்டனை நெறிகளும் ஏறத்தாழ அதே அச்சில் வார்க்கப்பட்டவை. மறுநாள் முதல் நாடு முழுவதும் நீதிபதிகள் ஒருவருக்கொருவர் முரண்பட்ட உத்தரவுகளைப் பிறப்பிக்கத் தொடங்கினார்கள். அவற்றில் பல எந்தத் தீர்ப்புத் தொகுதிக்கும் போகாதவை. ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் டக்ளஸ் பெர்மன், தண்டனைச் சட்டம் பற்றிய தம் வலைப்பதிவை அப்போதுதான் தொடங்கியிருந்தார். உத்தரவுகளும் மனுக்களும் குறிப்பாணைகளும் அங்கே வந்து குவிந்தன. நீதித் துறையின் துணை அட்டர்னி ஜெனரல்களில் ஒருவராக அப்போது இருந்த, பின்னாளில் எஃப்பிஐ இயக்குநரான கிறிஸ்டோபர் ரே, இந்தக் குழப்பத்தை எப்படிக் கையாள்வது என்று கூட்டாட்சி அரசு வழக்கறிஞர்கள் அனைவருக்கும் ஜூலை 2 அன்று அனுப்பிய குறிப்பாணையும் அங்கே ஏற்றப்பட்டது.

அந்தக் கூட்டாட்சி நெறிகளைப் பற்றிய புக்கர் வழக்கில் 2005 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது, நீதிபதி ஸ்டீவன்ஸ் தம் மாறுபட்ட கருத்தில் அந்தக் குறிப்பாணையை எடுத்தாண்டார். அது கிடைக்கும் இடமாக அவர் குறித்தது அரசுத் துறையின் தளத்தையல்ல, பெர்மனின் வலைப்பதிவு முகவரியை. சட்ட நூலகர்கள் இதில் கவனிக்க வேண்டியது, பேராசிரியரின் கருத்து உச்ச நீதிமன்றம் வரை போனது என்பதையல்ல. அங்கே அவர் கருத்தை யாரும் மேற்கோள் காட்டவில்லை. அரசின் ஆவணம் ஒன்றுக்கு ஒரு தனிமனிதரின் வலைப்பதிவே அடுக்காக அமைந்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். நூலகம் செய்ய வேண்டிய வேலையை அந்தச் சில மாதங்களுக்கு ஒரு வலைப்பதிவு செய்தது.

இத்தகைய பதிவுகள் ஐம்பதை ஒருவர் தினமும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது நடக்காத காரியம். செய்தியோடை அதற்காகப் பிறந்தது. 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் ஆர்எஸ்எஸ் வடிவத்தின் முதல் பதிப்பை உருவாக்கியவர்களில் ஒருவர், சென்னை ஐஐடியில் படித்த ராமநாதன் குஹா. பிறகு டேவ் வைனர் அதை எளிமைப்படுத்தி 2002இல் இரண்டாம் பதிப்பாக்கினார். அடுத்த ஆண்டு அதன் விவரக்குறிப்பின் உரிமை ஹார்வர்டு சட்டக் கல்லூரியின் பெர்க்மன் மையத்துக்கு மாற்றப்பட்டது. உலகமெங்கும் செய்தித்தாள்களும் பாட்காஸ்டுகளும் பயன்படுத்தும் ஒரு வடிவத்துக்கு ஒரு சட்டக் கல்லூரி காவலரானது சட்ட நூலகர்கள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளக்கூடிய விஷயம்தான். 2005 டிசம்பரில் ‘ஆட்டம்’ என்ற மாற்று வடிவமும் தரப்படுத்தப்பட்டது (ஆடுகிற ஆட்டமல்ல, அணுவைக் குறிக்கும் சொல்). இன்றைய செயலிகள் இரண்டையும் படிக்கும் என்பதால் எது எது என்று பயனர் கவலைப்பட வேண்டியதில்லை.

ஓடை என்று பெயர் இருந்தாலும் எதுவும் தானாக ஓடி வருவதில்லை. தளத்தில் ஒரு சிறிய கோப்பு இருக்கிறது. அதில் ஒவ்வொரு பதிவுக்கும் தலைப்பு, தொடுப்பு, சுருக்கம், வெளியான நேரம், மாறாத அடையாளக் குறி ஆகிய ஐந்தாறு வரிகள் இருக்கும். நாம் பயன்படுத்தும் திரட்டி (பல ஓடைகளை ஓரிடத்தில் காட்டும் செயலி) குறிப்பிட்ட இடைவெளியில் அந்தக் கோப்பை எட்டிப் பார்த்து, புதிய அடையாளக் குறி ஏதேனும் இருந்தால் மட்டும் நமக்குக் காட்டுகிறது. தமிழ்மணம் போன்ற திரட்டிகளின் வழியாகத் தமிழ் வலைப்பதிவுகளை வாசித்தவர்களுக்கு இது பழகிய விஷயம்; அங்கே எல்லாருக்கும் ஒரே முகப்பு, இங்கே அவரவருக்கு ஒரு முகப்பு, அவ்வளவுதான் வேறுபாடு. வேர்ட்பிரஸ் மென்பொருளில் நடக்கும் தளமாக இருந்தால் முகவரியின் இறுதியில் சாய்கோடிட்டு ‘ஃபீட்’ என்ற ஆங்கிலச் சொல்லைச் சேர்த்தால் பெரும்பாலும் ஓடை திறந்துவிடும்.

மேற்சொன்ன அந்தச் சிறிய கோப்பின் அமைப்பிலேயே இரண்டு பொறிகள் இருக்கின்றன. முதலாவது, அதில் எல்லாப் பதிவுகளும் இருப்பதில்லை. வேர்ட்பிரஸ் வழக்கமாகக் கடைசிப் பத்துப் பதிவுகளை மட்டுமே ஓடையில் வைக்கிறது. ஒரு நாளைக்கு முப்பது பதிவுகள் போடும் தளத்தை, கணினி திறந்திருக்கும்போது மட்டும் எட்டிப் பார்க்கும் செயலியைக் கொண்டு தொடர்ந்தால், வெள்ளி மாலைக்கும் திங்கள் காலைக்கும் இடையே போனது போனதுதான். ஆகவே தொடர்ந்து இயங்கும் சேவையகத்திலிருந்து திரட்டும் சேவையையே நூலகம் நாட வேண்டும். இரண்டாவது பொறி இன்னும் நுட்பமானது. வெளியிட்டவர் பதிவின் உள்ளடக்கத்தைத் திருத்திவிட்டு அடையாளக் குறியை அப்படியே விட்டுவிட்டால், பல திரட்டிகள் அதைப் புதிதாகக் கருதுவதே இல்லை. காலையில் நாம் படித்தது ஒன்று, மாலையில் அங்கே இருப்பது வேறொன்று. ஓடை மௌனமாக இருக்கும்.

இது வலைப்பதிவர்களின் தவறு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். 2014 ஏப்ரலில், மாநில எல்லை தாண்டும் காற்று மாசு பற்றிய ஒரு வழக்கில் நீதிபதி ஸ்காலியா மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். 2001இல் தாமே எழுதிய ஒரு தீர்ப்பில் சுற்றுச்சூழல் முகமை எந்தப் பக்கம் வாதாடியது என்பதை அவர் அதில் தலைகீழாகச் சொல்லிவிட்டார். சட்டப் பேராசிரியர்கள் சுட்டிக்காட்டியதும் நீதிமன்றத் தளத்திலிருந்த கோப்பு சத்தமில்லாமல் மாற்றப்பட்டது. தவறான பத்தி திருத்தப்பட்டதோடு, முகமையைக் குத்திக்காட்டிய துணைத்தலைப்பும் போய், ‘நம் முன்தீர்ப்பு’ என்ற சாதுவான தலைப்பு அந்த இடத்தில் வந்து அமர்ந்தது. உச்ச நீதிமன்றம் வெளியிட்ட பிறகும் தன் தீர்ப்புகளை இப்படித் திருத்திவருவதை ஹார்வர்டு பேராசிரியர் ரிச்சர்ட் லாசரஸ் அதே ஆண்டு விரிவாக எழுதினார். உடனே வாஷிங்டன் நகர மன்றத்தின் சட்ட ஆலோசகர் ஒருவர், நீதிமன்றத் தளத்தின் கோப்புகளைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒப்பிட்டு, மாற்றம் தெரிந்தால் ட்விட்டரில் அறிவிக்கும் சிறு நிரலை எழுதி ஓடவிட்டார். 2015 அக்டோபர் முதல் நீதிமன்றமே பின்திருத்தங்களைத் தன் தளத்தில் அடையாளமிட்டுக் காட்டத் தொடங்கியது. புதிய பக்கம் வந்ததை ஓடை சொல்லும். இருக்கும் பக்கம் மாறியதைச் சொல்ல இப்படிப்பட்ட தனிக் கண்காணிப்புக் கருவி வேண்டும். சட்ட நூலகத்துக்கு இரண்டும் தேவை.

அரசுத் தரப்பு ஓடைகளுக்கு வருவோம். நூலகர்கள் வலைப்பதிவுகளுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியை இவற்றுக்குக் கொடுத்தாலே பலன் இரட்டிப்பாகும் என்பது என் எண்ணம். அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் விதிகளும் அறிவிப்புகளும் வெளியாகும் ஃபெடரல் ரெஜிஸ்டர் 1936 முதல் வருகிறது. வேலை நாள்தோறும் பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக. 2010இல் அதற்குப் புதிய இணையதளம் வந்தபோது, எந்தத் தேடலையும் ஓடையாக மாற்றிக்கொள்ளும் வசதி சேர்ந்தது. மருத்துவக் கருவி தயாரிப்பாளர்களுக்காக வாதாடும் நிறுவனம் ஒன்றின் நூலகர், உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் முன்மொழியப்பட்ட விதிகளில் தமக்கு வேண்டிய சொற்றொடர் வருவதை மட்டும் தேடலாக அமைத்து அதன் ஓடையைப் பிடித்துக்கொண்டால், கருத்துத் தெரிவிக்கும் கெடு தொடங்கிய அன்றே அவர் மேசையில் சேதி இருக்கும். அந்தக் கெடு பல நேரங்களில் முப்பது அல்லது அறுபது நாட்கள்தான். லூன் 1958இல் சொன்ன சொற்பட்டியல் முறை இது என்பதை நூலகவியல் படித்தவர்கள் உடனே கண்டுகொள்வார்கள்.

நீதிமன்ற வழக்கேடுகளின் கதை இன்னும் விசித்திரமானது. கூட்டாட்சி நீதிமன்றங்களின் வழக்கு ஆவணங்களை இணையத்தில் தரும் பேசர் அமைப்பில் ஓர் ஆவணத்தைத் திறக்கப் பக்கத்துக்குப் பத்து சென்ட் கட்டணம், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் மூன்று டாலர். ஆனால் பல மாவட்ட நீதிமன்றங்களும் திவால் நீதிமன்றங்களும் கடைசி ஒரு நாளின் பதிவுகளை ஓடையாக இலவசமாகவே தருகின்றன. உள்ளே நுழையத்தான் சீட்டு, வாசலில் நின்று யார் போகிறார், யார் வருகிறார் என்று பார்க்கக் காசு வேண்டாம். ஃப்ரீ லா ப்ராஜெக்ட் என்ற லாபநோக்கற்ற அமைப்பு இந்த ஓடைகளைத் திரட்டித் தன் கோர்ட்லிஸ்னர் தளத்தில் சேர்க்கிறது. எல்லா நீதிமன்றங்களும் ஓடை தருவதில்லை, தருபவையும் எல்லா வகைப் பதிவுகளையும் அதில் விடுவதில்லை. ஆகவே ஓடையில் ஒன்றும் வராததால் வழக்கில் ஒன்றும் நடக்கவில்லை என்று வழக்கறிஞரிடம் சொல்லிவிடக் கூடாது.

வலைப்பதிவைத் தேர்ந்தெடுக்கும்போது, எழுதுபவர் யார், அவருக்கு அந்த வழக்கில் பங்கு உண்டா, மூல ஆவணத்துக்குத் தொடுப்புத் தருகிறாரா, தவறைத் திருத்தினால் திருத்தியதாகச் சொல்கிறாரா என்று பார்ப்பது நூலகருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பங்கு உண்டா என்ற கேள்வி மட்டும் மேலோட்டமாகத் தெரிவதைவிடச் சிக்கலானது. ஸ்காட்டஸ்பிளாக்கின் நிறுவனர் அதே உச்ச நீதிமன்றத்தில் வாதாடிவந்த வழக்கறிஞர். 2014இல் அமெரிக்க செனட் செய்தியாளர் குழு அத்தளத்துக்கு அங்கீகாரம் தர மறுத்தபோது இதையே காரணமாகக் காட்டியது. ஆனால் 2012 ஜூன் 28 அன்று, ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் பற்றிய தீர்ப்பு வந்தபோது சிஎன்என், ஃபாக்ஸ் ஆகிய இரண்டு தொலைக்காட்சிகளும் முதல் பக்கங்களை மட்டும் பார்த்துவிட்டு, காப்பீட்டைக் கட்டாயமாக்கும் பிரிவு செல்லாது என்று அறிவித்தன. அரசியலமைப்பின் வணிகப் பிரிவின்கீழ் அது செல்லாது என்று தொடங்கிய தலைமை நீதிபதி, பின்னால் வரி என்ற அடிப்படையில் அது செல்லும் என்று முடித்திருந்தார். சரியாகச் சொன்னது அந்த வலைப்பதிவு. தீர்ப்பு எழுதும் முறை பழகியவர்களுக்கு எந்தப் பக்கத்தைப் புரட்ட வேண்டும் என்று தெரிந்திருந்தது. ஆக, வழக்கறிஞர் எழுதுகிறார் என்பதே அந்தப் பதிவின் ஐயத்துக்கும் காரணம், நம்பகத்துக்கும் காரணம்.

நூலகர்கள் எழுதும் பதிவுகளில், அமெரிக்கக் காங்கிரஸ் சட்ட நூலகம் 2010 முதல் நடத்தும் இன் கஸ்டோடியா லீகிஸ் பதிவும், வழக்கறிஞர்களோடு நூலகர்களும் எழுதும் கனடாவின் ஸ்லா தளமும் தொடங்குபவருக்குப் போதும். எண்ணிக்கை விஷயத்தில் கஞ்சத்தனம் நல்லது. இருநூறு ஓடைகளைச் சேர்த்துவிட்டு, படிக்காத பதிவுகள் ஆயிரத்தைத் தாண்டியதும் திரட்டியைத் திறக்கவே பயப்படுபவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன். ஓடைகளைப் பொருள்வாரியாகப் பிரிக்காமல், யார் கேட்பார்கள் என்று ஆள்வாரியாகப் பிரித்த பிறகுதான் எனக்கு வழி பிறந்தது. வரிச் சட்டம் என்ற அடுக்கைவிட, வரி வழக்கு பார்க்கும் மூன்றாம் மாடி வழக்கறிஞர் என்ற அடுக்கில் எது வேண்டும், எது வேண்டாம் என்று முடிவெடுப்பது எளிது.

திரட்டிச் சேவைகளும் நிலையானவை அல்ல. 2005இல் வந்து பலரின் அன்றாடப் பழக்கமாகிப்போன கூகுள் ரீடர், மூன்றரை மாத முன்னறிவிப்புடன் 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டது. தங்கள் ஓடைப் பட்டியலை ஓபிஎம்எல் என்ற கோப்பாக இறக்கிவைத்தவர்கள் அதை ஃபீட்லியிலோ நியூஸ்பிளரிலோ ஏற்றிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். அந்தப் பட்டியலை மாதம் ஒருமுறை ஏற்றுமதி செய்து நூலகத்தின் பொதுக் கோப்பில் வைக்கும் வழக்கம், பணி மாறிப் போகும் நூலகருக்குப் பின்னால் வருபவருக்கும் உதவும்.

பட்டியலைக் காப்பாற்றிவிடலாம், தொடுப்புகளின் மறுமுனையில் இருப்பதைக் காப்பாற்றுவதுதான் கடினம். அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் குறிக்கப்பட்ட இணைய முகவரிகளில் ஏறத்தாழப் பாதி, முதலில் சுட்டப்பட்ட தகவலுக்கு இட்டுச்செல்வதில்லை என்று ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் ஜானதன் ஸிட்ரெய்னும் சக ஆய்வாளர்களும் கண்டறிந்தார்கள். ஹார்வர்டு சட்ட ஆய்விதழ்களில் அந்த அளவு எழுபது விழுக்காட்டைத் தாண்டியது. இதற்கு மாற்றாக ஹார்வர்டு சட்டக் கல்லூரி நூலகம் 2013இல் பெர்மா என்ற சேவையைத் தொடங்கியது. மேற்கோள் காட்டும் பக்கத்தின் படியை அன்றே எடுத்து, நூலகங்களின் கூட்டுப் பொறுப்பில் வைத்து, அதற்கு மாறாத முகவரி ஒன்றை அது கொடுக்கிறது. ஓடையில் வந்த சேதியை வழக்கறிஞர் தம் மனுவில் குறிக்கப்போகிறார் என்று தெரிந்த கணமே நூலகர் செய்ய வேண்டிய வேலை இது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்பது இங்கே செல்லாது.

பெர்மன் 2004இல் ரேயின் குறிப்பாணையை ஏற்றிவைத்த வலைப்பதிவு டைப்பேட் என்ற சேவையில் இருந்தது. பேராசிரியர்களின் சட்ட வலைப்பதிவுகள் பலவும் ஆண்டுக்கணக்கில் அங்கேதான் இருந்தன. 2025 ஆகஸ்டில் டைப்பேட் தன் சேவையை நிறுத்தப்போவதாக அறிவித்து, செப்டம்பர் 30 அன்று மூடியது. ஏறத்தாழ ஒரு மாத அவகாசம். புக்கர் தீர்ப்பு அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் 543ஆம் தொகுதியில் 220ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. ஸ்டீவன்ஸ் குறித்த அந்த டைப்பேட் முகவரி அதில் எழுத்துப் பிசகாமல் அச்சாகியிருக்கிறது.